பத்துக்குப் பத்து அறையில் பாட்டு கேட்பது

கடையில் கேட்கும்போது ஆளைக் கட்டிப்போட்ட ஸ்பீக்கர், வீட்டு ஹாலுக்கு வந்ததும் வேறு ஏதோ ஸ்பீக்கர் ஆகிவிடுகிறது. பாடுகிறவரின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தனித்தனி அடியாகக் கேட்காமல் ஒரே முழக்கமாகத் திரண்டு நிற்கிறது. கொஞ்சம் சத்தம் கூட்டினால் ஜால்ராவும் வயலினும் காதைக் குத்துகின்றன. பணம் போட்டவர் முதலில் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்படுவார். அதை மாற்றிப் பார்ப்பார். அப்புறம் டிஏசி (டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றும் பெட்டி), அப்புறம் ஒயர், அப்புறம் அந்த ஒயருக்கு இன்னும் விலை கூடிய ஒயர் என்று போகும். கடைசிவரை சந்தேகம் விழாத ஒன்று உண்டு. அது அவர் உட்கார்ந்திருக்கும் அறை.

ஹைஃபை பற்றி இணையத்தில் படிப்பதும் பார்ப்பதும் பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனியிலிருந்து வருகிறவை. அங்கே ஒரு ஸ்பீக்கரை எழுதிப் பாராட்டுகிறவரின் அறையில் தரை முழுக்கக் கம்பளம் இருக்கும், பஞ்சு நிறைந்த சோபா இருக்கும். அமெரிக்க வீடு என்றால் உள்சுவர் பெரும்பாலும் மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. நம் வீட்டில் செங்கல் சுவர், மேலே பூச்சு, காங்கிரீட் தளம், கீழே மொசைக் அல்லது விட்ரிஃபைடு டைல். வெயிலுக்கும் மழைக்கும் கரையானுக்கும் தாக்குப்பிடிக்கக் கட்டிய வீடு அது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஒலிக்கு மட்டும் அதில் போக இடமில்லை. அதே ஸ்பீக்கர் இந்த இரண்டு அறைகளிலும் ஒரே மாதிரி ஒலிக்க வழியே கிடையாது. இதை யாரும் வாங்குவதற்கு முன் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

ஸ்பீக்கரிலிருந்து ஒலி நேராக நம் காதுக்கு வருவதாக நினைத்துக்கொள்கிறோம். கொஞ்சம் அப்படித்தான் வருகிறது. மிச்சம் பக்கச் சுவரில், தரையில், கூரையில், பின்சுவரில் பட்டு, திரும்பவும் பட்டு, சில மில்லி நொடிகள் கழித்து வருகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் நேராக வருவதும் சுவரில் பட்டு வருவதும் ஏறக்குறையச் சமம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் காதில் விழுவதில் பெரும்பங்கு சுவர்கள் திருப்பி அனுப்பியது. அந்தச் சுவர்கள் எதை விழுங்கி எதைத் திருப்புகின்றன என்பதுதான் நமக்குக் கேட்கும் பாட்டின் நிறம்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது பிறந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், ஏனென்றால் அதில் வரும் அளவுகோல் நம் வீட்டுக்கே செய்தது போல இருக்கும்.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தில் ஒரு விரிவுரை மண்டபம் யாருக்கும் உதவாமல் கிடந்தது. பேசிய ஒரு சொல் அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது. ஆசிரியர் அடுத்த பத்து பதினைந்து சொற்களைப் பேசிவிடுவார், முதல் சொல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். இயற்பியல் துறையில் இளம் உதவிப் பேராசிரியராக இருந்த வாலஸ் கிளமென்ட் சேபினிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் கையில் இருந்தவை 512 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 512 அதிர்வு) ஒலிக்கும் ஆர்கன் குழல் ஒன்று, நேரம் பார்க்க ஒரு கருவி, தன் காது. ஊர் அடங்கிய பிறகு உதவியாளர்களோடு போய், பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து மண்டபத்தில் பரப்புவார். குழலை ஊதி நிறுத்தி, ஒலி மறைய எத்தனை நொடி என்று குறிப்பார். இன்னும் கொஞ்சம் மெத்தை, மறுபடி குழல். பொழுது விடிவதற்குள் எல்லா மெத்தையும் அந்த அரங்குக்குத் திரும்பிவிட வேண்டும்.

வேலையின் நடுவே அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் போயின. தேடிப் பார்த்தால் காரணம் அவர் உடுத்தியிருந்த துணி. கோட்டு மாறினால் அறை விழுங்கும் ஒலியின் அளவும் மாறியது. அதுவரை எடுத்ததை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு இரவும் ஒரே உடையில் வந்து மறுபடி தொடங்கினார். இந்த ஒரு செய்திக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஒரு மண்டபத்தின் ஒலி ஒரு மனிதனின் கோட்டுக்குக் கட்டுப்படுகிறது என்றால், பத்தடி அறையில் ஒரு மெத்தை என்னென்ன செய்யும்!

மெத்தையை அளவுகோலாக வைத்தால் வேறு ஊரில் வேறு மெத்தை இருக்குமே என்று சேபின் யோசித்தார். எங்கும் ஒரே மாதிரி இருப்பது திறந்த சன்னல். அதன் வழியே வெளியே போன ஒலி திரும்பி வராது. அதனால் திறந்த சன்னல் எவ்வளவு ஒலியை வெளியேற்றுமோ அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். அடிக் கணக்கில் ஒரு சதுர அடி திறந்த சன்னல் ஓர் அலகு. கணக்கும் எளிது. அறையின் கொள்ளளவைக் கன அடியில் எடுத்து 0.049-ஆல் பெருக்கி, அறையில் உள்ள எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் அலகுகளால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை நொடி என்பது வந்துவிடும். இதை வைத்துத்தான் 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கின் ஒலியமைப்பை அவர் வகுத்தார். இன்றும் உலகின் மிக நல்ல இசை அரங்குகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

சரி, நம் அறைக்கு வருவோம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். 1200 கன அடி. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 680 சதுர அடி. பூசிய செங்கல்லும் டைலும் தம்மேல் படும் ஒலியில் ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கைத்தான் உறிஞ்சும். அப்படியானால் மொத்த அறையும் சேர்ந்து 13.6 அலகு. கணக்குப் போட்டால் 4.3 நொடி வருகிறது. காலி அறையில் கைதட்டினால் கணகணவென்று நிற்பது அதுதான். ஃபாக் மண்டபத்தின் சிக்கலுக்கு நம் காலி படுக்கையறை வெகுதூரத்தில் இல்லை.

இப்போது நான்கடிக்கு நான்கடி சன்னலைத் திறந்து வையுங்கள். 16 சதுர அடி, அதாவது 16 அலகு. ஆறு பக்கமும் சேர்ந்து உறிஞ்சியதைவிட ஒற்றைச் சன்னல் அதிகமாக வெளியேற்றுகிறது! 4.3 நொடி இரண்டு நொடியாகிவிடும். ஓர் இலவம் பஞ்சு மெத்தையை உள்ளே கொண்டுவந்தால் 25 அலகு போல. ஒரு சுவரில் மடிப்பு விட்டுத் தொங்கும் கனத்த திரைச்சீலை 20. புத்தகம் நிறைந்த திறந்த அலமாரி ஒரு 9. இரண்டு பேர் உட்கார்ந்தால் இன்னொரு 9. கூட்டிப் பார்த்தால் 0.6 நொடிக்கு வந்து நிற்கும். பாட்டு கேட்க இது நல்ல இடம். இன்னும் கொஞ்சம் குறைந்தாலும் நன்று. இதில் ஒரு பைசாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

ஓட்டு வீட்டில் ரேடியோ கேட்ட தலைமுறை, அந்தக் காலத்துப் பாட்டு இதமாக இருந்தது என்று சொல்லும்போது அதில் ஏக்கம் மட்டும் பேசவில்லை. ஓட்டுக்கு ஓடு இடைவெளி, சரிந்த கூரை, முற்றம், எப்போதும் திறந்திருக்கும் வாசல் என்று அந்த வீட்டில் ஒலி வெளியேற வழி நிறைய இருந்தது. ஏ.சி. போட்டுச் சன்னலைச் சாத்திய காங்கிரீட் அறையில் அந்த வழிகள் எல்லாம் அடைபட்டுவிட்டன.

இதுவரை சொன்னது குரலுக்கும் அதற்கு மேலே உள்ள சுரங்களுக்கும் பொருந்தும். பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களின் சமாச்சாரம் வேறு. நம் வீடுகளில் பெரிய தொல்லை அங்கேதான் இருக்கிறது.

முப்பது டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓர் அரை அலை சரியாக அடங்கினால் அந்தச் சுரம் அறைக்குள் நின்று வளரும். ஊஞ்சல் போய்த் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் மேலே மேலே ஏறுகிறதே, அதே சங்கதி. பத்தடிக்கு இந்த எண் ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ஏ தந்தியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ், அடுத்த ஃப்ரெட்டில் 58. அதாவது பாட்டில் பேஸ் கிட்டார் அந்த இரண்டு சுரங்களில் எதைத் தொட்டாலும் அறை தன் பங்குக்கு எழுந்து முழங்கும். மற்ற சுரங்களில் சும்மா இருக்கும். பேஸ் ஓட்டத்தில் சில சுரங்கள் மட்டும் ஊதிப் பெருத்துக் கேட்பதற்குக் காரணம் ஸ்பீக்கர் இல்லை, பத்தடி.

இதில் மோசமானது பத்துக்குப் பத்து அறை. நம் ஊரில் படுக்கையறைக்கு மிகவும் வழக்கமான அளவு அது. உயரமும் பத்தடியாக இருந்துவிட்டால் நீளம், அகலம், உயரம் மூன்றும் அதே 57-இல் போய் விழும். மூன்று பெருக்கமும் ஒரே சுரத்தில். 12 அடி நீளம் இருந்தால் அந்தத் திசைக்கு எண் 48 ஆகிவிடும், சுமை கொஞ்சம் பிரியும். வீட்டில் எந்த அறையில் செட்டை வைப்பது என்று தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள், மூன்று அளவும் வேறுவேறாக இருக்கும் அறையை எடுப்பது நல்லது. ஸ்பீக்கர் மாடலைப் பற்றி யோசிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

ஜிப்சம் பலகைச் சுவர் இங்கே ஒரு காரியம் செய்கிறது. தாழ்ந்த சுரம் வந்து மோதும்போது பலகை லேசாக அசைந்து, அந்த ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிவிடும். 125 ஹெர்ட்ஸில் கால் பங்குக்கு மேல் விழுங்குவதாக அளவுகள் சொல்கின்றன. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அசையாது. வந்த பேஸ் அப்படியே திரும்பும். அதனால்தான் அமெரிக்க விமர்சகர் ‘பேஸ் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்’ என்று குறைபட்டுக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர் நம் அறையில் நிறைவாக ஒலிக்கும். அவர் கொண்டாடும் பெரிய டவர் ஸ்பீக்கர் இங்கே வீட்டையே உருட்டும். என்னைக் கேட்டால், 150 சதுர அடிக்குக் குறைந்த செங்கல் அறைக்கு ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர் (பேஸைத் தரும் பெரிய கூம்பு) உள்ள சின்ன ஸ்பீக்கரே போதும், அதுவும் மூடிய பெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. மூடிய பெட்டியின் பேஸ் மெதுவாகச் சரிந்து இறங்கும், கீழே அறை தூக்கிக் கொடுப்பதோடு அது இணைந்துபோகும். 1970-களில் பிபிசி தன் வெளி ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ அப்படிப்பட்ட மூடிய சின்னப் பெட்டிதான். நெருக்கடியான வண்டிக்குள் உட்கார்ந்து குரல் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காகச் செய்தது. சின்ன அறைகளில் பாட்டு கேட்பவர்கள் இத்தனை ஆண்டுகளாக அதை விடாமல் வைத்திருப்பதில் காரணம் இருக்கிறது.

பேஸ் வேண்டும் என்று நம் ஊர்க்காரர்கள் செய்த சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு, பானை ஸ்பீக்கர். மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பொருத்தி, அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, டீக்கடையிலும் சலூனிலும் வீட்டுத் திண்ணையிலும் வைத்திருந்தார்கள். ஐந்து வாட் ஓடும் செட்டில் அவ்வளவு கனமான பேஸ் வந்தது பானைக்குள் அடைபட்ட காற்றின் வேலை. வாய் குறுகிய பாத்திரத்துக்குள் உள்ள காற்று ஒரு குறிப்பிட்ட சுரத்தில் கூடி ஒலிக்கும் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்து எழுதினார். பானையிலும் அதே இனத்துக் காற்றொலிதான். அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. பானைக்குப் பிடித்த சுரத்தில் எல்லாம் முழங்கும், மற்றதில் அடங்கும். பத்துக்குப் பத்து அறை செய்வதும் இதையேதான், மிகப் பெரிய அளவில். செட்டில் வரும் பேஸ் பாட்டுக்கு உரியதா, அறைக்கு உரியதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எல்லாப் பாட்டிலும் ஒரே சுரத்தில் பேஸ் திரண்டால் அது அறைக்கு உரியது.

இதைக் காதாலேயே சோதிக்கலாம். போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, செட்டோடு இணைத்து, 40-இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். சத்தம் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் சத்தம் குபீரென்று ஏறும், சில இடங்களில் காணாமல் போகும். ஏறிய இடத்தில் நிறுத்திவிட்டு, எழுந்து அறைக்குள் நடங்கள். சுவர் ஓரத்தில் காதை அடைக்கும் அதே சுரம் அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். இரண்டு அடி நகர்ந்ததும் மாறும். விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் இரண்டை மாற்றி மாற்றிக் கேட்டு ‘வித்தியாசம் தெரிகிறதா’ என்று யோசிப்பவர்கள், நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் வரும் வித்தியாசத்தை ஒரு தடவை கேட்க வேண்டும். சோதனையின்போது இன்னொன்றும் தெரியவரும். இரும்பு பீரோவின் கதவு ஏதாவது ஒரு சுரத்தில் கிர்ரென்று பேசும். ஷோகேஸ் கண்ணாடி இன்னொன்றில் பேசும். ஸ்பீக்கரில் ‘கிழிசல்’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் பீரோ கதவில் கை வைத்துப் பாருங்கள்.

இதை எல்லாம் எப்படிச் சரிசெய்வது? முட்டை அட்டையால் ஆகாது. சுவரில் ஒட்டும் ஓர் அங்குல ஸ்பாஞ்சும் பேஸுக்கு உதவாது. பஞ்சு மாதிரிப் பொருள் ஒரு சுரத்தை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அந்த அலையின் நீளத்தில் கால் பங்கை எட்டும் ஆழம் வேண்டும். 100 ஹெர்ட்ஸுக்கு அது கிட்டத்தட்ட மூன்றடி. மெல்லிய ஸ்பாஞ்சை நான்கு சுவரிலும் ஒட்டினால் மேலே உள்ள சுரங்கள் மட்டும் செத்து, பேஸ் அப்படியே நிற்கும், பாட்டு இருட்டாகிவிடும். பவானி ஜமக்காளத்தை ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே விரித்தால் தரையின் பளபளப்பு கொஞ்சம் குறையும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பேஸுக்குக் கனம் வேண்டும், இடம் மூலை. அறையின் எல்லாப் பெருக்கங்களும் மூலையில் வந்து உச்சத்தில் நிற்கும். இலவம் பஞ்சு மெத்தை இரண்டைச் சுருட்டி மூலைகளில் தரையிலிருந்து நிறுத்தி வைத்தால் முழக்கத்தின் நீட்சி குறைவதைக் கேட்கலாம். செலவழிக்க முடிந்தவர்கள் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகைகளை வாங்கி, மரச் சட்டம் அடித்து, மூச்சு விடும் துணியால் இறுக்கிப் போர்த்தி மூலைகளில் நிறுத்தலாம். ஊர்த் தச்சரே ஒரு நாளில் செய்து தருவார். துணி போர்த்தாமல் வைத்தால் இழை உதிர்ந்து மூச்சில் போகும், அதில் மட்டும் சோம்பல் கூடாது.

பக்கச் சுவருக்கு வேறு வித்தை. நீங்கள் கேட்கும் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் ஒருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரை ஒட்டிப் பிடித்தபடி மெதுவாக நடக்கட்டும். கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பட்டுத்தான் முதல் எதிரொலி உங்களிடம் வருகிறது. அந்த இடத்தில் திரைச்சீலையோ புத்தக அலமாரியோ வந்தால் பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே வந்து நின்றுவிடுவார். ஸ்டீரியோவின் இன்பமே அதுதானே.

ஸ்பீக்கர் தேர்வுக்கும் அறைக்கும் உள்ள உறவைத் தெளிவாக்கியவர் ஃப்ளாய்ட் டூல் என்ற ஒலி ஆய்வாளர். ஒட்டாவாவில் உள்ள கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பல ஆண்டுகள் ஆட்களை உட்காரவைத்து, ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின் மறைத்துக் கேட்கவைத்தார். எது எது என்று தெரியாமல் கேட்கும்போது பெரும்பாலானவர்கள் ஒரே வகையைத்தான் விரும்பினார்கள். நேர் எதிரே எல்லாச் சுரங்களையும் சமமாகத் தருவது, பக்கவாட்டிலும் அதே குணத்தோடு மெல்லக் குறைந்து போவது. பக்கவாட்டில் போனதுதான் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. அது கோணலாக இருந்தால் அறை அந்தக் கோணலைத் திரும்பத் திரும்பச் சொல்லும். 1994-இல் டூலும் சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் வெளியிட்ட சோதனையில், அதே ஸ்பீக்கர்களைத் திரையை எடுத்துவிட்டுக் காட்டியபோது மதிப்பெண்கள் மாறின. அளவும் தோற்றமும் பெயரும் காதுக்குள் புகுந்துவிட்டன. அனுபவமுள்ளவர்களும் இதற்கு விலக்கில்லை. இதைப் படித்த பிறகு, கடையில் கேட்கும்போது விலைச்சீட்டைக் கடைசியில் பார்க்கும்படி நான் எல்லோருக்கும் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு, நன்றாகத் தெரிந்த ஒரு குரலைப் போட்டு, எழுந்து பக்கவாட்டில் நடந்து பாருங்கள். குரல் ஆள் மாறாமல் இருந்தால் நல்ல ஸ்பீக்கர்.

ஹை-ரெஸ் என்று விற்கும் 24 பிட் கோப்புகளுக்கும் அறைக்கும்கூட ஒரு கணக்கு உண்டு. 1982-இல் வந்த சிடியின் 16 பிட், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் வீச்சைத் தாங்கும். நம் அறையில் மின்விசிறி ஓடினாலே 45 டெசிபல் போல இரைச்சல் இருக்கும். பாட்டின் உச்சம் 95 என்றால், நமக்குப் பயன்படுவது சுமார் 50 டெசிபல். சிடி தருவதில் பாதியைத்தான் அறை விட்டுவைக்கிறது. விசிறியை ஒரு பாட்டு நேரம் நிறுத்திவிட்டு, தம்புராவின் இழை தேய்ந்து மறையும் இடத்தைக் கேளுங்கள். எந்த 24 பிட் கோப்பும் தராத ஆழம் அதில் கிடைக்கும். மே மாதத்தில் இது சுலபமில்லை என்பது தெரியும், டிசம்பர் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சத்தம் குறைத்துக் கேட்கும்போது பேஸ் காணாமல் போவதற்கு அறையும் காரணமில்லை, ஸ்பீக்கரும் காரணமில்லை. காதின் இயல்பு அது. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து காட்டினார்கள். மெல்லிய சத்தத்தில் தாழ்ந்த சுரங்களுக்குக் காது மந்தமாகிவிடும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பட்டன் இருக்குமே, அதன் வேலை இந்தக் குறையை ஈடுகட்டுவது. ராத்திரியில் மெதுவாகக் கேட்கும்போது தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

அறை ஒன்றும் செய்ய முடியாத இடம் ரெக்கார்டிங். 1980-களில் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில்கூட ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் எல்.பி. தட்டிலிருந்து 60 நிமிடக் கேசட்டிலோ 90 நிமிடக் கேசட்டிலோ பதிந்து தருவார்கள். அந்தக் கேசட்டில் கேட்ட பாட்டை இப்போது ஸ்ட்ரீமிங்கில் கேட்டுவிட்டு ‘அந்த உயிர் இல்லை’ என்கிறவர்கள் பலர். கேசட்டின் இரைச்சலும் தேய்மானமும் எல்லோருக்கும் தெரிந்தவை, ஆனாலும் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கக்கூடும். 1990-களில் டிஜிட்டல் லிமிட்டர் வந்த பிறகு, பாட்டில் மெல்லிய இடங்களைத் தூக்கி உச்சங்களை நசுக்கி எல்லாவற்றையும் ஒரே உரத்தில் ஆக்கும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. பழைய பாட்டுகளை ‘ரீமாஸ்டர்’ செய்யும்போதும் இது நடந்திருக்கிறது. தட்டிலிருந்து நேராகப் பதிந்த கேசட்டில் இரைச்சல் இருந்தது, ஆனால் தபேலா அடி எழுந்து விழுந்தது. இன்று ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள், நாம் அமைப்பை மாற்றாதவரை, எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சராசரி உரத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன; ஸ்பாட்டிஃபையில் அது −14 எல்.யூ.எஃப்.எஸ். (காது உணரும் உரத்தின் அலகு). நசுக்கிய பாட்டுக்கு உரத்தில் ஒரு லாபமும் கிடையாது, அடி மட்டும் போய்விட்டது. ஒரே பாட்டுக்கு ஸ்ட்ரீமிங்கில் இரண்டு மூன்று பதிப்புகள் கிடந்தால், புதிதாக மெருகேற்றியது என்று போட்டிருப்பதையே எடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். செட்டை மாற்றுவதைவிடப் பெரிய மாற்றம் இங்கே இலவசமாகக் கிடைக்கும்.

பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், என் வரிசை ஸ்பீக்கர், அறை, அப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு மற்றவை. ஆம்ப்ளிஃபயரின் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல், காதுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். பத்தடி அறைக்கு நல்ல 40 வாட் தாராளம். ஒயருக்குத் தேவையான கனம் இருந்தால் போதும்.

மிச்சம் பிடித்த பணத்தில் ஓர் அளவீட்டு மைக் வாங்கலாம். ‘ரூம் ஈக்யூ விஸார்டு’ என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, உட்காரும் இடத்தில் மைக்கை வைத்து அளந்தால், அறை எந்தச் சுரத்தை ஏற்றுகிறது என்பது வரைபடமாக வந்துவிடும். ஈக்வலைசரில் (ஒவ்வொரு சுரத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அந்த மேட்டை மட்டும் வெட்டுங்கள். 57-இல் 8 டெசிபல் மேடு இருந்தால் அங்கே மட்டும், குறுகலாக. பள்ளத்தை நிரப்பப் போகக் கூடாது. சுவரிலிருந்து திரும்பிய அலை நேர் அலையை அழித்ததால் வந்த பள்ளம் அது, எவ்வளவு ஊற்றினாலும் அழிந்துகொண்டேதான் இருக்கும், ஆம்ப்ளிஃபயர்தான் சூடாகும். பள்ளத்துக்கு மருந்து ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவது.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்பீக்கர்களைப் பெரிய மேசையில் ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்து, காது உயரத்துக்குத் தூக்கி, அவற்றிலிருந்து ஒரு மீட்டரில் உட்கார்ந்து கேட்கலாம். அறையின் பங்கு பாதியாகிவிடும், சத்தமும் குறைவாக வைத்தால் போதும், மாடி வீட்டுக்காரருக்கும் நிம்மதி. கட்டிலும் மெத்தையும் அந்த அறையிலேயே இருக்கட்டும். வீடு மாறினால் மறுபடி அளந்தாக வேண்டும். பத்தடி அறைக்காக 57-இல் போட்ட வெட்டு 14 அடி நீள ஹாலில் இடம் மாறி நிற்கும். அங்கே பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி தொடங்கும் 41 ஹெர்ட்ஸில் புதிய மேடு வந்திருக்கும்.